ஆஸ்பத்திரிக் கோக்கியின் பொரிக்கஞ்சி

இப்போது ஆஸ்பத்திரிச் சமையற்காரர்களுக்கு அச்சடித்த தாள் ஒன்று கொடுக்கிறார்கள். எந்த நோயாளிக்கு எது, எத்தனை அவுன்ஸ், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதில் இருக்கிறது. எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கும் தாதி அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். "நீங்க இருபத்தெட்டு வருஷம் இந்தக் குசினியில நின்னவராம். இதுல ஏதாச்சும் விட்டுப்போயிருக்கான்னு பாத்துச் சொல்லுங்க," என்றார். வாசித்தேன். தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் நாலைந்து இடங்களில் 'கஞ்சி தயாரிக்கவும்' என்று மட்டும் போட்டிருந்தது. எப்படித் தயாரிப்பது என்று இல்லை. அந்த இடங்களில் பென்சிலால் கோடு போட்டேன். எதற்குக் கோடு என்று கேட்டார். வாயால் சொன்னால் நீளும் என்பதால் எழுதுகிறேன்.

நான் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்குத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தேன். பிறகு ஏழு வருடம் துரை பங்களாவில் குசினி மேட். பாத்திரம் கழுவுவதில் தொடங்கி, கடைசி இரண்டு வருடம் சூப் என் கையில் இருந்தது. துரைக்குத் தெளிந்த சூப்தான் பிடிக்கும். எலும்பை நாலு மணி நேரம் கொதிக்கவிட்டு, முட்டை வெள்ளையைப் போட்டு அழுக்கைத் திரட்டி, துணியில் வடித்து எடுக்க வேண்டும். தட்டில் ஊற்றினால் அடியிலிருக்கும் நீலப் பூ தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தட்டு அப்படியே குசினிக்குத் திரும்பி வரும். முப்பதுகளின் தொடக்கத்தில் தேயிலை விலை விழுந்தது. துரை சீமைக்குப் போனார். பங்களாவில் ஆள் குறைத்தார்கள். குறைக்கப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

அந்த நேரத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கோக்கி வேலை, அதாவது சமையற்காரர் வேலை, காலியானது. பத்துக் கட்டில். ஆண்களுக்கு ஐந்து, பெண்களுக்கு ஐந்து. அதை நடத்தியவரை ஜனங்கள் டாக்டர் ஐயா என்றுதான் சொல்வார்கள். உண்மையில் அவர் மருந்து கொடுக்கப் படித்து வந்தவர். படித்த டாக்டர் பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் ஹட்டன் பக்கமிருந்து வந்து போவார். மற்ற நாளெல்லாம் பத்துக் கட்டிலும் ஐயா பொறுப்பு.

ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். கஞ்சி போட்டு மடித்த வெள்ளைக் கோட்டு, இரண்டு கையும் எப்போதும் முதுகுக்குப் பின்னால். பேசும்போது ஆளைப் பார்க்க மாட்டார். நாடி பிடிக்கும்போது மட்டும் கையை முன்னால் எடுப்பார். பிடித்து முடித்ததும் கை திரும்ப முதுகுக்குப் போய்விடும். நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்தோ, பக்கத்தில் கதிரை போட்டோ அவரை யாரும் பார்த்ததில்லை. நின்றபடியே வருவார், நின்றபடியே போவார்.

"பங்களாவில என்ன செய்தனீர்?" என்று கேட்டார்.

"தெளிஞ்ச சூப்பு செய்வேங்கய்யா."

"அது துரைமாருக்கு. இஞ்ச பார்லித் தண்ணி காய்ச்சிக் காட்டும் பாப்பம்."

காய்ச்சினேன். பங்களாப் பழக்கத்தில் துணியில் வடித்துக் கொண்டுபோனேன். அவர் குடிக்கவில்லை. இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். "நாளைக்குக் காலமை ஆறு மணிக்கு வாரும்," என்றார். அவ்வளவுதான் என் பரீட்சை.

வேலை இப்படி நடக்கும். குசினி வாசலில் பெரிய சிலேட்டு போல ஒரு கருங்கல் பலகை தொங்கும். காலையில் ஐயா வார்டைச் சுற்றி வந்து அதில் சோக்கால் எழுதுவார். கட்டில் நம்பர், பக்கத்தில் ஓர் எழுத்து. 'மு' என்றால் முழுச் சாப்பாடு: சோறு, பருப்பு, ஒரு கறி. 'அ' என்றால் அரைச் சாப்பாடு: குழைந்த சோறு, ரசம், ரொட்டிப் பாணின் நடுப்பகுதி. 'பா' என்றால் பால், பார்லி, அவ்வளவுதான். சமைத்ததையெல்லாம் வார்டுக்குப் போகுமுன் அவர் பார்ப்பார். முழுச் சாப்பாட்டை ருசி பார்ப்பார். பால் சாப்பாட்டுக்குரியதை ருசி பார்க்க மாட்டார். ஒரு கரண்டி எடுத்து அதே கருங்கல் பலகையின் எழுதாத மறுபக்கத்தில் ஊற்றிச் சாய்ப்பார். கறுப்பில் வெள்ளையாக ஒரு துகள் நின்றாலும் பானை முழுவதும் வெளியே போகும். ஏன் என்று சொல்லமாட்டார். "திரும்ப," என்பார். முதல் மாதத்தில் அந்தச் சொல்லைப் பதினெட்டு இருபது தரம் கேட்டிருப்பேன். பிறகு கேட்கவில்லை.

சரக்கு வாங்குவதும் என் வேலை. அரிசி தோட்டத்து ஸ்டோரிலிருந்து வரும். ரங்கூன் அரிசி, மூட்டையில் பல மாதம் கிடந்தது. மற்றதெல்லாம் வெள்ளிக்கிழமைகளில் பொகவந்தலாவைப் பஜாரில் பிள்ளை கடையில். பிள்ளை திருநெல்வேலிப் பக்கத்து வியாபாரி. அவர் கடையில் முன்னால் அடுக்கியிருப்பதை வாங்கக் கூடாது. அவரே அதைச் சொல்வார். "முன்னால இருக்கறது பாக்கறதுக்கு, பின்னால இருக்கறது திங்கறதுக்கு, உள்ள வாங்க." உள்ளே போய் ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். ஜவ்வரிசியை நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டும், சாம்பல் நிறம் என்றால் பழசு. பார்லியை ஒன்று கடித்துப் பார்ப்பேன். மைசூர்ப் பருப்பை முகர்ந்து பார்ப்பேன். ஹட்டனிலிருந்து லொறியில் வரும்போது மண்ணெண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் எத்தனை தடவை கழுவினாலும் வாடை போகாது. மாசிக் கருவாட்டை ஒன்றோடொன்று தட்டினால் மரக்கட்டைச் சத்தம் வர வேண்டும். வல்லாரை மட்டும் கடையில் கிடைக்காது. ரோட்டோரம் கூடை வைத்திருக்கும் சிங்களப் பெண்ணிடம் 'கொட்டுக்கொல' என்று கேட்டால்தான் தருவாள்.

அந்தக் கடையில் நான் கண்டுபிடித்த சில சாமான்களால் வேலை பாதியாகக் குறைந்தது. பனங்கற்கண்டு ஒன்று. ஜவ்வரிசிக் கஞ்சியில் சீனிக்குப் பதிலாக அதைப் போட்டால் இருமல்காரர்கள் ஏலக்காய் கேட்கமாட்டார்கள். டின் மீன் இன்னொன்று. முழுச் சாப்பாட்டுக்காரர்களுக்கு மழை நாளில் கறி எதுவும் கிடைக்காதபோது, டின்னைத் திறந்து, வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் பொடியாக அரிந்து போட்டு, தேசிக்காய் பிழிந்து சோற்றோடு வைத்துவிடுவேன். அடுப்பே வேண்டாம். மாசியை இடித்து ஒரு துண்டு இஞ்சியோடு கொதிக்கவைத்து வடித்தால் பத்து நிமிடத்தில் சாறு. பிள்ளை பெற்ற பெண்கள் அதைக் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள். இப்படி நாலைந்து சுலபமான பண்டங்களைக் கைக்குள் வைத்துக்கொண்டு மூன்று வருடம் ஓட்டினேன். அதன் பிறகுதான் அங்கம்மா வந்தாள்.

அங்கம்மா கொழுந்து பறிக்கிறவள். இருபத்தைந்து வயதிருக்கும். மேல் டிவிசனில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து கம்பளியில் கட்டித் தூக்கிவந்தார்கள். நெருப்புக் காய்ச்சல், இப்போது டைபாய்டு என்கிறார்கள். அந்தக் காய்ச்சலில் குடல் புண்ணாகிவிடும் என்றும், காய்ச்சல் முழுதாக விட்டுப் பத்து நாள் ஆகும்வரை கெட்டியாக எதுவும் உள்ளே போகக்கூடாது என்றும் அப்போது வைத்திருந்தார்கள். பலகையில் அவள் நம்பருக்கு நேரே 'பா' விழுந்தது. அது மாறவே இல்லை.

அங்கம்மாவுக்குப் பால் ஆகவில்லை. டின் பாலைக் கரைத்துக் கொடுத்தால் அரை மணியில் வாந்தி. துரை பங்களா மாட்டுப் பட்டியிலிருந்து பசும்பால் வாங்கிக் கொடுத்தேன். அதுவும் வாந்தி. பார்லித் தண்ணீரை இரண்டு கரண்டி குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இரண்டாவது வாரம் முடியும்போது கன்னம் ஒட்டிப்போய், கை வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது.

அவள் புருஷன் முத்துவீரன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். வேலை முடிந்து நாலு மணிக்கு நேரே ஆஸ்பத்திரிக்கு வருவான். கையில் துணியால் மூடிய சட்டி. வார்டு வாசலில் ஐயா நிற்பார். துணியை எடுக்கச் சொல்வார். உள்ளே சோறு இருக்கும். ஐயா தலையை ஆட்டுவார். அவன் சட்டியைத் தரையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே போவான். ஒன்பது பத்து நாள் இப்படியே நடந்தது. ஒரு வியாழக்கிழமை அவன் சட்டியைக் கீழே வைக்கவில்லை.

"ஐயா, ஒரு வா சோறுங்கய்யா. ஒரே ஒரு வா. பட்டினி போட்டே கொன்னுருவீங்க போலருக்கே."

"சோறு குடுத்தாத்தான் சாவாள்," என்றார் ஐயா, தரையைப் பார்த்தபடி.

"அப்ப நாங்க கூட்டிட்டுப் போறோம். ஞாயித்துக்கெழமை நாலு பேரோட வருவேன். எங்க காம்பராவுல வச்சுப் பாத்துக்கறோம்."

"கொண்டு போறதெண்டா கொண்டு போம். கையெழுத்து வைச்சிட்டுப் போம்."

"என்னத்துக்குங்கய்யா கையெழுத்து? பட்டினி போட்டதுக்கா?"

ஐயா திரும்பி வார்டுக்குள் போனார். ஆனால் அவன் போன பிறகு குசினி வாசலுக்கு வந்தார். வழக்கமாக அந்த நேரத்தில் வரமாட்டார். "லயத்துக்குப் போனா அண்டைக்கே சோறு குடுப்பான். ஏதும் செய்ய ஏலுமோ பாரும்," என்றார். எனக்கு அவர் கட்டளை போடாமல் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் அங்கம்மாவிடம் போனேன். "என்னம்மா கேக்குது வாய்க்கு?"

"சோறுண்ணே."

"சோறு ஆகாது. வேற?"

கண்ணை மூடிக்கொண்டாள். "சோத்து வாசம் வந்தாப் போதும்ண்ணே. கண்ண மூடிக்கிட்டுக் குடிச்சிருவேன்."

அன்று மாலையே ஸ்டோர் அரிசியைக் காய்ச்சி வடித்து அந்தத் தண்ணீரைக் கொடுத்தேன். மூக்கருகே கொண்டுபோனதும் தள்ளிவிட்டாள். "சாக்கு நாத்தம்." அவள் சொன்னது சரி. ரங்கூன் அரிசியைக் கழுவிச் சோறாக்கினால் தெரியாது. வடித்த தண்ணீரில் மூட்டை வாடை முழுவதும் இறங்கிவிடும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பிள்ளை கடையின் பின்கட்டில் ஒவ்வொரு டின்னாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன தேடுகிறேன் என்று எனக்கே தெரியாது. பிள்ளை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு மூலையில் மூடி இறுகிய டின் ஒன்று. திறந்ததும் வறுத்த வாசம் வந்தது.

"கார்த்திகைக்கு வாங்கிப்போட்ட நெல்லுப் பொரி. வித்தது போக மிச்சம். நமத்துப் போயிருக்கும், உங்களுக்கு எதுக்கு அது?" என்றார்.

ஒரு வாய் போட்டுப் பார்த்தேன். நமுத்துத்தான் இருந்தது. ஆனால் வாயில் கரைந்தபோது சோறு பொங்கி இறக்கும்போது வருகிற வாசம் வந்தது. டின்னோடு வாங்கிவந்தேன்.

அதை எப்படிச் செய்தேன் என்பதைச் சரியாக எழுதிவிடுகிறேன். நெல்லுப் பொரியில் உமி ஒட்டியிருக்கும். முறத்தில் கொட்டி உமியைக் கையால் பொறுக்க வேண்டும். எவ்வளவு பொறுக்கினாலும் கொஞ்சம் நின்றுவிடும். இரும்புச் சட்டியில் எண்ணெய் இல்லாமல், நமுப்புப் போகிற அளவுக்கு மட்டும் வறுக்க வேண்டும். நிறம் மாறக்கூடாது. ஆறியதும் கையால் நொறுக்கி, ஒரு கைப் பொரிக்கு எட்டுக் கைத் தண்ணீர், ஒரு துண்டு சுக்கு, உப்பு. கிண்டிக்கொண்டே இருந்தால் அரை மணியில் கரைந்துவிடும். பிறகு வடிக்க வேண்டும். முதலில் ஒற்றைத் துணியில். துணியைக் கழுவிவிட்டு இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை துணியை இரண்டாக மடித்து, பிழியாமல், தானாக இறங்கவிட வேண்டும். கடைசியில் கிடைப்பது நீர்மோர் போல இருக்கும்.

ஐயா கருங்கல் பலகையில் ஊற்றிச் சாய்த்தார். வழுக்கி இறங்கியது. பலகையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு, அதுவரை செய்யாததாக, ஒரு கரண்டி வாயில் விட்டுப் பார்த்தார்.

"என்ன பேர்?"

"பொரிக்கஞ்சிங்கய்யா."

"நாளைக்கும் இதே மாதிரி இருக்கவேணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அங்கம்மா முதல் கரண்டியை வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். விழுங்கினாள். "சோத்து வாசம் அடிக்குதுண்ணே," என்றாள். அரைக் கோப்பை குடித்தாள். வாந்தி வரவில்லை. மாலையில் முத்துவீரன் வந்தபோது மறு அரைக் கோப்பையை அவன் கண்முன்னால் குடித்தாள். ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். நாலு பேரோடு வரவில்லை, தனியாக வந்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காய்ச்சல் இறங்கியது. புதன்கிழமையும் காய்ச்சல் இல்லை. ஐயா அவளுடைய நோயாளி அட்டையில் நாளைக் குறித்தார். அங்கிருந்து பத்து நாள்.

முத்துவீரன் குசினி வாசலுக்கு வந்தது அந்தப் புதன்கிழமைதான். அவனுக்கு ஆஸ்பத்திரி மேல் இருந்த கோபம் போய்விட்டிருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து, "அண்ணே, அந்தக் கஞ்சிய எப்புடிக் காச்சறதுன்னு சொல்லிக் குடுங்கண்ணே. வீட்டுக்கு வந்தா நான்தான் காச்சிக் குடுக்கணும்," என்றான்.

நான் பானையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்தபடியே சொன்னேன். "உமியப் பொறுக்கணும் தம்பி. எண்ணெ ஊத்தாம வறுக்கணும். நொறுக்கணும். ஒரு கைக்கு எட்டுக் கை தண்ணி. சுக்கு, உப்பு. கரையுற வரைக்கும் கைய எடுக்காமக் கிண்டணும்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான். லேசான வேலை."

அவன் விரல் விட்டு எண்ணி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னான். சரியாகத்தான் சொன்னான். வீட்டுக்கென்று டின்னிலிருந்து கொஞ்சம் பொரியும் கேட்டு வாங்கிக்கொண்டான். வடிகட்டும் துணி என் தலைக்கு மேல் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதை நான் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. பங்களாவில் ஏழு வருடம், இங்கே மூன்று வருடம், அடுப்பிலிருந்து எது இறங்கினாலும் வடிக்காமல் விட்டதில்லை. கை கழுவுவதைப் போல அது எனக்கு ஒரு வேலையாகவே தெரியவில்லை. அதனால் அது கணக்கில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை நான் பஜாருக்குப் போனேன். ஐயா கீழ் டிவிசனுக்குச் சுகமில்லாத பிள்ளைகளைப் பார்க்கப் போயிருந்தார். வார்டில் இருந்தது ஆயா பாக்கியம் மட்டும். நல்லவள், வேலையில் குறை சொல்ல முடியாது. நான் திரும்பி வந்து மூட்டையை இறக்கியபோது பாக்கியம் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"அண்ணே, அங்கம்மா இன்னைக்கு நல்லாக் குடிச்சுட்டா. அவ புருஷன் அரை நாள் லீவு போட்டு உங்க கஞ்சியக் காச்சிக் கொண்டாந்தாரு. கோக்கி அண்ணே சொல்லிக் குடுத்ததுன்னாரு. நானும் பாத்தேன், கஞ்சிதான்."

சட்டி வார்டு ஜன்னலில் கழுவாமல் இருந்தது. போய்ப் பார்த்தேன். அடியில் கெட்டியாக ஒரு விரல் கனம் பொரி. அதில் உமி.

அங்கம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். அவள் முகம் தெளிவாக இருந்தது. "இன்னைக்குத்தான்ணே வயிறு நெறஞ்ச மாதிரி இருக்கு," என்றாள்.

ஐயா ஐந்து மணிக்கு வந்தார். அதற்குள் அவள் வயிற்றைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கியிருந்தாள். நான் சட்டியை எடுத்துக்கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் சட்டியைப் பார்த்தார்.

"வடிக்கச் சொல்லிச் சொன்னனீரோ?"

"இல்லைங்கய்யா."

"ஏன்?"

"மறந்துட்டேங்கய்யா." மறதி என்பது சரியான சொல் அல்ல. வேறு சொல் வாயில் வரவில்லை.

அவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கட்டிலின் கால்மாட்டுப் பக்கத்தைச் செங்கல் வைத்து உயர்த்தச் சொன்னார். வாயில் ஒரு சொட்டும் போகக்கூடாது என்றார். குளிர்ந்த தண்ணீரில் துணி நனைத்து வயிற்றில் போட்டுக்கொண்டே இருந்தோம், பாக்கியமும் நானும் முறை வைத்து. ஊசி போட்டார். ஹட்டன் பக்கத்துப் பெரிய டாக்டருக்கு ஆள் அனுப்பினார். இரத்தம் போகத் தொடங்கிவிட்டது. சனிக்கிழமை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, ஐயா செய்ததற்கு மேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை காலை அங்கம்மா இறந்தாள். முத்துவீரன் பக்கத்தில் இருந்தான். காய்ச்சல் திரும்பிவிட்டது என்றுதான் அவன் நினைத்தான்.

பல வருடம் கழித்து ஓர் இளம் டாக்டர் என்னிடம் சொன்னார், அந்தக் காய்ச்சலில் மூன்றாவது வாரம் எது கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சிலருக்குக் குடல் உடையும், கஞ்சிதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று. இருக்கலாம். அவர் படித்தவர். அந்தச் சட்டியின் அடியை அவர் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்த அன்று மாலை ஐயா என்னைக் கூப்பிட்டார். மேசையில் அங்கம்மாவின் அட்டை இருந்தது. 'வெளியிலிருந்து வந்த வடிக்காத கஞ்சி' என்று எழுதியிருந்தார். பெயர் எதுவும் எழுதவில்லை.

"புருஷனுக்குச் சொல்லியாச்சோ?"

"இல்லைங்கய்யா. எப்படிச் சொல்றது? அவன் கையால குடுத்தது."

"சொல்லாட்டி நாளைக்கு வேற ஆருக்கும் அதையே காய்ச்சிக் குடுப்பான். சொல்லத்தான் வேணும். நான் சொன்னா அது குற்றம் சுமத்தினமாதிரி இருக்கும். நீர் போம்."

மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு கலைந்ததும் மேல் டிவிசனுக்கு ஏறினேன். முத்துவீரன் வேலைக்குப் போகவில்லை. அவன் காம்பராக் கதவு திறந்திருந்தது. அடுப்பில் சட்டி. அவன் குந்தியிருந்து கிண்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் பாயில் அவன் மகள் லெச்சுமி, ஆறு வயது, போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். வறுத்த பொரி வாசம் காம்பரா முழுவதும் இருந்தது.

"நேத்துலருந்து புள்ளைக்குச் சுடுதுண்ணே," என்றான். "அவ கடைசியா ஆசையாக் குடிச்சது இதுதான். அதான் இவளுக்கும்."

நான் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினேன். அவன் என்னைப் பார்த்தான்.

"அதக் குடுக்காத தம்பி."

"ஏன்?"

நின்றபடி சொல்ல முடியவில்லை. அவனுக்கு எதிரே குந்திச் சொன்னேன். கஞ்சியை வடிக்க வேண்டும் என்பதை. அதை நான் சொல்லாமல் விட்டதை. சட்டியின் அடியில் என்ன இருந்தது என்பதை. அவன் மேல் தப்பில்லை, சொல்லிக் கொடுத்தவன் மேல்தான் என்று சொன்னேன். அவன் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். அடுப்புக் கட்டை எரிந்து சாம்பலாகிற அளவுக்கு நேரம் போயிற்று. லெச்சுமி இரண்டு தடவை தண்ணீர் கேட்டாள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு கேட்டான். "எத்தன தடவ வடிக்கணும்?"

"மூணு தடவ."

"எப்புடித் துணி?"

சொன்னேன். இந்தத் தடவை ஒன்றும் விடவில்லை.

லெச்சுமியை அன்றே தூக்கிவந்தோம். தாய்க்கு வந்த காய்ச்சலேதான். ஐயா தோட்டத்து ஆபீசுக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்து முத்துவீரனுக்கு லீவு வாங்கினார். பிறகு இன்னொன்றும் செய்தார். வெளியாள் யாரும் குசினிக்குள் நுழையக்கூடாது என்பது அவரே போட்ட சட்டம். "அவன் உள்ள நிக்கட்டும்," என்றார்.

முத்துவீரன் நின்றான். உமி பொறுக்குவதும் வறுப்பதும் காய்ச்சுவதும் நான். வடிப்பது அவன். என்னைத் தொடவிடவில்லை. மூன்று தடவை வடித்துவிட்டு, நாலாவது தடவையும் வடிப்பான். தேவையில்லை என்று ஒருநாள் சொன்னேன். அவன் காதில் விழாதது போல வடித்தான். பிறகு நான் சொல்லவில்லை. கருங்கல் பலகையை அவனே எடுத்துக்கொண்டுபோய் ஐயா முன்னால் பிடிப்பான். ஐயா ஊற்றிச் சாய்ப்பார்.

பதினேழாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அதன்பின் பத்து நாள் எண்ணினோம். அந்தப் பத்து நாளில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. நான் பஜாருக்குப் போகவில்லை. ஐயாவும் கீழ் டிவிசனுக்குப் போகவில்லை.

பதினோராம் நாள் காலை பலகையில் 'அ' இருந்தது. குழைந்த சோறு, இரண்டு கரண்டி. நான் குழைத்து, கரண்டியால் மசித்து, சிறு கிண்ணத்தில் வைத்தேன். முத்துவீரன் அதை எடுத்தான். எடுத்தவன் கொடியிலிருந்து துணியை உருவினான்.

"தம்பி, இது வேணாம். இன்னைக்குச் சோறேதான்," என்றேன்.

அவன் துணியைப் பார்த்தான், கிண்ணத்தைப் பார்த்தான். துணியைத் திரும்பக் கொடியில் போட்டுவிட்டுக் கிண்ணத்தோடு வார்டுக்குப் போனான். நான் பின்னால் போனேன். லெச்சுமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் கரண்டியில் சோற்றை எடுத்தான். அவள் வாய்வரை கொண்டுபோனான். கை அங்கேயே நின்றுவிட்டது. பிள்ளை வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள்.

"என்னால முடியலண்ணே. நீங்க குடுங்க," என்றான்.

கிண்ணத்தை வாங்கினேன். நானும் கரண்டியை எடுத்தேன். எனக்கும் அதுதான் நடந்தது. அதை இப்போது எழுதுவதில் வெட்கமில்லை.

ஐயா வார்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளே வந்தார். மூலையில் கிடந்த கதிரையைத் தானே இழுத்துப் போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார். என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கினார்.

"ஆ காட்டு பிள்ளை."

லெச்சுமி வாயைத் திறந்தாள். ஊட்டினார். அவள் மெதுவாக மென்றாள். பாக்கியமும் வந்து நின்றாள். நாங்கள் நாலு பேரும் அந்தப் பிள்ளையின் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம். விழுங்கினாள். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"உப்பு இல்ல," என்றாள்.

முத்துவீரன் உப்பு எடுத்துவரக் குசினிக்குப் போனான்.